போஹும் கார் ஆலையும் பத்தாண்டுப் பேச்சுவார்த்தையும்

தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேலை நிறுத்தங்களையும் ஊர்வலங்களையுமே முன்னிறுத்தி எழுதுவர். மேசையின் இரு புறமும் அமர்ந்து மாதக்கணக்கில் நடத்தப்படும் பேச்சுவார்த்தைகள் அவ்வளவாக நினைவில் வைக்கப்படுவதில்லை. ஆயினும் தொழிலாளியின் வாழ்வை முடிவு செய்பவை பல வேளைகளில் அப்பேச்சுவார்த்தைகளே.

அவற்றிலும் இருவகை உண்டு. ஊதியம் எவ்வளவு என்பதற்காக நடைபெறும் பேச்சு ஒருவகை; ஆலை நிலைக்குமா நிலைக்காதா என்பதற்காக நடைபெறும் பேச்சு மற்றொரு வகை. முதல் வகையில் தொழிலாளியின் கையில் வலிமை உண்டு. அவன் வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு நட்டம். இரண்டாம் வகையிலோ, வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று எண்ணுபவரே முதலாளி. அங்கே வேலை நிறுத்தம் என்னும் கருவி மழுங்கிப் போகிறது. அந்நிலையில் தொழிலாளர் எதைக் கொண்டு பேசுவது? எதைக் கொடுத்து எதைப் பெறுவது? இவ்வினாக்களுக்குப் பத்தாண்டுக் காலம் விடை தேடிய ஓர் ஆலையின் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது. ஜெர்மனி நாட்டின் போஹும் நகரில் இயங்கிய ஓப்பல் கார் ஆலையே அது.

நிலக்கரியின் இடத்தில் கார்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ளது ரூர் வட்டாரம். நிலக்கரியும் எஃகும் அவ்வட்டாரத்தின் இரு கண்களாக விளங்கின. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பியே வாழ்ந்தன. அவ்வட்டாரத்தின் நடுவே சுரங்கங்கள் மிக்கிருந்த நகரம் போஹும்.

1958ஆம் ஆண்டில் நிலக்கரித் தொழிலுக்குச் சோதனை வந்தது. மலிவான எண்ணெயும் அயல்நாட்டு நிலக்கரியும் சந்தையில் புகுந்தன. தோண்டி எடுத்த கரி விலை போகாமல் குவிந்து கிடந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. போஹும் நகரின் டான்னன்பௌம் சுரங்கம் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. வேறு தொழில் வராவிடில் நகரம் வாழாது என்பதை உணர்ந்த நகராட்சியினர் புதிய தொழிலைத் தேடலாயினர்.

அத்தேடலுக்குக் கிடைத்த பயனே ஓப்பல் ஆலை. 1862ஆம் ஆண்டில் ரூசல்ஸ்ஹைம் என்னும் ஊரில் தையல் இயந்திரம் செய்யும் தொழிலாகத் தொடங்கப்பட்டு, பின்னர்க் கார் உற்பத்தியில் புகழ்பெற்ற நிறுவனம் ஓப்பல். 1929ஆம் ஆண்டு முதல் அது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. டான்னன்பௌம் சுரங்கம் இருந்த நிலத்திலேயே புதிய ஆலை எழுந்தது. 1962ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் அது திறக்கப்பட்டபோது, கடெட் என்னும் சிறிய கார் அங்கிருந்து வெளிவந்தது. நேற்றுவரை நிலத்தின் அடியில் கரி வெட்டியவர்கள் இன்று ஒளி நிறைந்த கூடத்தில் கார் பொருத்தும் தொழிலாளராயினர். 1973ஆம் ஆண்டில் போஹும் நகரின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. அதற்குள் ஓப்பல் ஆலை நகரின் மிகப்பெரிய தொழிலிடங்களுள் ஒன்றாக வளர்ந்துவிட்டது. அதன் உச்சக் காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே பணிபுரிந்தனர்.

ஒரு தொழில் அழிந்த இடத்தில் மற்றொரு தொழில் முளைத்ததைக் கண்ட மக்கள் அவர்கள். ஆதலின், தொழில் அழியக்கூடியது என்பதையும், அழிவை எதிர்நோக்கி முன்கூட்டியே பேசினால் மாற்றுவழி காணலாம் என்பதையும் பட்டறிவால் அறிந்திருந்தனர். பின்னாளில் அவர்கள் எடுத்த முடிவுகளை விளங்கிக்கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

பேச்சு நடத்தும் முறை

ஜெர்மனியில் தொழிலாளரின் குரல் இரண்டு வழிகளில் ஒலிக்கிறது. ஒன்று தொழிற்சங்கம். கார்த் தொழிலாளருக்கு ஐ.ஜி. மெட்டால் என்னும் உலோகத் தொழிலாளர் சங்கம் உண்டு. ஊதியம் பற்றிய கூட்டு ஒப்பந்தத்தைச் செய்வதும், தேவைப்பட்டால் வேலை நிறுத்தத்தை அறிவிப்பதும் அதன் உரிமை. மற்றொன்று ஆலைத் தொழிலாளர் மன்றம். ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அம்மன்றம், ஆலையின் அன்றாடச் செய்திகள் குறித்து நிருவாகத்தோடு பேசும். ஆனால் வேலை நிறுத்தத்திற்கு அழைப்பு விடுக்கும் உரிமை அம்மன்றத்திற்குச் சட்டப்படி இல்லை.

இவையன்றி, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை. எனினும் வாக்குகள் சரிபாதியாகப் பிரியுமாயின், பங்குதாரர் தரப்பிலிருந்து வரும் தலைவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு உண்டு. முடிவை அறிந்துகொள்ளவும் எதிர்த்துரைக்கவும் தொழிலாளருக்கு இடமுண்டு. ஆலையை மூடும் முடிவைத் தடுத்து நிறுத்தும் வலிமை இல்லை என்பதே இதன் பொருள்.

இவ்வமைப்பில் மறைந்திருந்த குறை ஒன்று உண்டு. தொழிலாளர் மன்றம் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே அமைந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமோ ஜெர்மனி, பெல்ஜியம், பிரிட்டன், போலந்து, ஸ்பெயின் எனப் பல நாடுகளில் ஆலைகளை வைத்திருந்தது. ஓர் ஆலையின் மன்றம் தன் ஆலையைக் காக்கப் பேசும்போது, அப்பேச்சு மற்றோர் ஆலையின் வாழ்வைத் தொடாமல் இருக்க முடியாது.

2004: ஆறு நாள்கள்

1999ஆம் ஆண்டுக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸின் ஐரோப்பியப் பிரிவு நட்டத்திலேயே நடந்தது. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அந்நிறுவனம், ஐரோப்பாவில் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஜெர்மனியில் இருந்தனர். ஏறத்தாழ 10,000 பேர் பணியாற்றிய போஹும் ஆலையில் மட்டும் 4,000 வேலைகள் போகும் என்று பேசப்பட்டது.

செய்தி எட்டிய அன்றே போஹும் தொழிலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றனர். சங்கம் வேலை நிறுத்தத்தை அறிவிக்கவில்லை. அறிவிக்கச் சட்டத்தில் இடமும் இல்லை. எனவே அது வேலை நிறுத்தம் என்றே அழைக்கப்படவில்லை. நிருவாகத்திடம் விளக்கம் கேட்கும் 'தகவல் கூட்டம்' என்னும் பெயரால் அது நாள்தோறும் நீண்டது. தொழிலாளர் வாயில்களில் காவல் நின்று சரக்கு வண்டிகள் வெளியேறாதவாறு தடுத்தனர்.

இதன் விளைவு உடனே தெரிந்தது. மற்ற ஆலைகளுக்குத் தேவையான அச்சு முதலிய பாகங்கள் போஹும் ஆலையிலிருந்தே சென்றுகொண்டிருந்தன. அவை போய்ச் சேராமையால் ரூசல்ஸ்ஹைம், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆகிய ஊர்களின் ஆலைகளிலும் உற்பத்தி தடைப்பட்டது. ஆலையை மூட நினைப்பவரிடம் வேலை நிறுத்தம் செல்லாது என்னும் பொதுவிதிக்கு இது விலக்காக அமைந்தது. ஓர் ஆலை நின்றால் மற்ற ஆலைகளும் நிற்கும் என்ற நிலையே தொழிலாளரின் வலிமையாயிற்று. அக்டோபர் 19ஆம் நாள் ஐரோப்பாவின் பல ஆலைகளிலும் ஒரே நாளில் கண்டனக் கூட்டங்கள் நடைபெற்றன. போஹும் நகரில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

மறுநாள் தொழிலாளரிடம் மறைமுக வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பேச்சுவார்த்தையைத் தொடர வேண்டுமா, வேலைக்குத் திரும்ப வேண்டுமா என்னும் இரு வினாக்கள் ஒரே வினாவாக இணைத்துக் கேட்கப்பட்டன. பேச்சு தொடர வேண்டும், ஆனால் வேலைக்குத் திரும்பக் கூடாது என்று எண்ணியவருக்கு அவ்வாக்குச் சீட்டில் இடமில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் வேலைக்குத் திரும்ப இசைந்தனர். வாக்குச் சீட்டில் வினாவை எழுதுபவருக்கு விடையிலும் பங்குண்டு என்பதைப் போஹும் தொழிலாளர் அன்று கற்றனர்.

ஆண்டுக்கணக்கில் விலை பேசப்பட்ட வேலை

2005ஆம் ஆண்டில் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒருவரையும் வலிந்து பணிநீக்கம் செய்வதில்லை. விரும்பி விலகுவோருக்கு இழப்பீடு வழங்கப்படும். 2010ஆம் ஆண்டு வரை ஆலை நீடிக்கும் என உறுதி கூறப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இழப்பீட்டைப் பெற்று வெளியேறினர். எஞ்சியோர் ஊதியச் சலுகைகளை விட்டுக்கொடுத்தனர். அன்றைய நிலையில் இது தோல்வியென்று கூறத்தக்கதன்று. ஆயினும் உறுதிமொழியின் ஈற்றில் ஓர் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு நெருங்கும்போது பேச்சு மீண்டும் தொடங்கும் என்பதும், அப்போது கொடுப்பதற்குத் தொழிலாளரிடம் முன்னிலும் குறைவாகவே இருக்கும் என்பதும் அந்த ஆண்டுக் குறிப்பிலேயே அடங்கியிருந்தன.

அவ்வாறே நேர்ந்தது. 2008ஆம் ஆண்டில் போஹும் நகரின் மற்றொரு பெரிய தொழிலிடமான நோக்கியா தொலைபேசி ஆலை மூடப்பட்டு, உற்பத்தி ருமேனியாவுக்கு மாற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் நொடிப்பு நிலைக்கு விண்ணப்பித்தது. ஓப்பலைக் காக்க ஜெர்மன் அரசு 1.5 பில்லியன் யூரோ இடைக்காலக் கடனுக்கு ஏற்பாடு செய்தது. கனடாவின் மாக்னா நிறுவனம் தலைமை தாங்கிய குழுவுக்கு ஓப்பலை விற்பதென்று முடிவாகியது. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் மனம் மாறி, விற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. கடனும் திருப்பிச் செலுத்தப்பட்டது. 2010இல் அந்நிறுவனம் மீண்டும் உதவி வேண்டியபோது ஜெர்மன் நடுவண் அரசு மறுத்தது. அரசு விலகிக்கொள்ளவே, மேசையில் நிறுவனமும் தொழிலாளருமே எஞ்சினர்.

2010ஆம் ஆண்டு மே திங்கள் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஐரோப்பியத் தொழிலாளர் ஆண்டுதோறும் 265 மில்லியன் யூரோ அளவுக்குத் தங்கள் ஊதியத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுப்பதாக இசைந்தனர். ஜெர்மன் தொழிலாளருக்கு மாற்றாகக் கிடைத்தது, 2014ஆம் ஆண்டு முடியும் வரை வலிந்த பணிநீக்கம் இராது என்னும் உறுதிமொழி. போஹும் ஆலையில் மேலும் 1,800 வேலைகள் குறைக்கப்பட இருந்தன. ஆன்ட்வெர்ப் ஆலையை இவ்வொப்பந்தம் காக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அது மூடப்பட்டது. 2004இல் போஹும் தொழிலாளரோடு ஒரே நாளில் குரல் எழுப்பிய ஆலைகளுள் ஒன்று இவ்வாறு வரிசையிலிருந்து மறைந்தது.

ஆலைக்கு எதிராக ஆலை

2012ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. அஸ்ட்ரா என்னும் புதிய காரை எங்கே உற்பத்தி செய்வது என்று நிறுவனம் ஆராய்ந்தது. பிரிட்டனின் எல்ஸ்மியர் போர்ட் ஆலைத் தொழிலாளர் ஊதியத்திலும் வேலை நேரத்திலும் விட்டுக்கொடுக்க இசைந்து வாக்களித்தனர். அஸ்ட்ரா அவர்களுக்கும் போலந்தின் கிளிவிட்சே ஆலைக்கும் கிடைத்தது. அதுவரை அதே காரை உற்பத்தி செய்துவந்த ரூசல்ஸ்ஹைம் ஆலை, தன் பங்கை இழக்கும் நிலைக்கு ஆளாயிற்று. அவ்விழப்பை ஈடுசெய்ய அதற்கு வேறொரு கார் வேண்டியிருந்தது. போஹும் ஆலை உற்பத்தி செய்த ஸஃபீராவே அந்தக் கார்.

இதில் யாரைக் குறை கூறுவது? எல்ஸ்மியர் போர்ட் தொழிலாளர் தம் ஆலையைக் காத்தனர். ரூசல்ஸ்ஹைம் தொழிலாளரும் தம் ஆலையையே காத்தனர். ஒருவரும் போஹும் தொழிலாளருக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கூரையைக் காத்ததன் விளைவாகக் கடைசி வீட்டின் கூரை பறிபோயிற்று. ஆலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற கார்கள் விற்பனையாகவில்லை. ஆதலால் ஏதேனும் ஓர் ஆலை மூடப்பட்டே ஆக வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஐரோப்பியக் கார்ச் சந்தை சுருங்கியது உண்மையே ஆதலின், அவ்வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. ஆனால் மூடப்படும் ஆலை எது என்பதை, எவர் மிகுதியாக விட்டுக்கொடுக்கிறார் என்னும் போட்டியின் வழியே நிறுவனம் முடிவு செய்தது. போட்டியில் கலந்துகொள்ள மறுக்கும் உரிமை எந்த ஆலைக்கும் இல்லை.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், நிறுவனத்தின் இடைக்காலத் தலைவராக இருந்த தாமஸ் ஸெட்ரான் போஹும் தொழிலாளர் கூட்டத்தில் செய்தியை அறிவித்தார். ஸஃபீராவின் அப்போதைய வடிவம் முடிவுறும் 2016ஆம் ஆண்டோடு அங்கே கார் உற்பத்தி நிறுத்தப்படும். ஆலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு பெற்று இரண்டு திங்களே ஆகியிருந்த நேரம் அது.

76.1 விழுக்காடு

2013ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஐ.ஜி. மெட்டால் சங்கமும் ஓப்பல் நிருவாகமும் ஓர் உடன்பாட்டை எட்டின. 2016 முடியும் வரை போஹும் ஆலையில் கார் உற்பத்தி நடைபெறும். அதன் பின்னர்ப் பாகங்கள் செய்யும் பிரிவிலும் பண்டகசாலையிலும் 1,200 வேலைகள் இருக்கும். 2016 வரை வலிந்த பணிநீக்கம் இராது. மாற்றாகத் தொழிலாளர் தங்களுக்கு உரிய ஊதிய உயர்வைத் தள்ளிவைக்க வேண்டும். இவ்வுடன்பாடு ஜெர்மனியின் ஓப்பல் ஆலைகளுக்கு எல்லாம் பொதுவாகச் செய்யப்பட்டது. சங்க உறுப்பினர்கள் அந்தந்த இடத்தில் வாக்களித்தனர்.

ரூசல்ஸ்ஹைம், கைசர்ஸ்லௌட்டர்ன் ஆகிய இடங்களில் உடன்பாடு ஏற்கப்பட்டது. அங்குள்ள தொழிலாளருக்கு அது எதிர்காலத்தைத் தந்தது. போஹும் தொழிலாளருக்கு அது தந்தது மூடுவிழாவின் நாள். போஹும் தொழிலாளர் மன்றத்தின் தலைவர் ரைனர் ஐனன்கெல், அதில் உறுதியான வாக்கு ஏதுமில்லை என்று குறை கூறினார். மார்ச் 21ஆம் நாள் வெளியான முடிவின்படி, போஹும் ஆலையில் வாக்களித்தோருள் 76.1 விழுக்காட்டினர் உடன்பாட்டை மறுத்துவிட்டனர்.

மறுத்தால் நேரும் விளைவை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். மறுப்பு வருமாயின் 2016க்கு முன்பே ஆலை மூடப்படலாம் என்பது வெளிப்படை. இருந்தும் மறுத்தனர். இது வெறும் சினத்தின் வெளிப்பாடு என்றனர் சிலர். தன்மானத்தின் குரல் என்றனர் வேறு சிலர். ஆனால் முந்தைய பத்தாண்டுகளைத் தொடர்ந்து நோக்குவோருக்கு, அது ஒரு கணக்கு என்பதும் விளங்கும். 2005இல் விட்டுக்கொடுத்து 2010 வரை பெற்றனர். 2010இல் விட்டுக்கொடுத்து 2014 வரை பெற்றனர். இப்போது விட்டுக்கொடுத்தால் 2016 வரை கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கொடுத்த விலை மிகுந்தது. வாங்கிய ஆண்டுகள் குறைந்தன. விட்டுக்கொடுத்தவை நிலையாகப் போயின. பெற்ற உறுதிமொழிகளோ ஆண்டு முடிந்ததும் காலாவதியாயின.

இம்மறுப்பால் இழப்பு நேரவில்லை என்று கூறவும் முடியாது. ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்களுக்கு இரண்டு ஆண்டு வேலை என்பது சிறிய செய்தியன்று. உடன்பாட்டை ஆதரித்தோர் இதையே எடுத்துரைத்தனர். மறுப்பைக் காரணங்காட்டிய நிருவாகம் பேச்சு முடிந்தது என்றது. ஏப்ரல் 17ஆம் நாள் மேற்பார்வைக் குழு, 2014 முடிவில் கார் உற்பத்தியை நிறுத்த முடிவு செய்தது. அந்த ஆண்டு தற்செயலாக வந்ததன்று. 2010ஆம் ஆண்டு ஒப்பந்தம் பணிநீக்கத்திற்குத் தடை விதித்திருந்த கடைசி ஆண்டு அதுவே. பாதுகாப்பின் எல்லையாகக் குறிக்கப்பட்ட நாளே ஆலையின் இறுதி நாளாக மாறியது.

இறுதிக் கார்

எஞ்சியது பிரிவின் விலையைப் பேசும் பேச்சு. 2014ஆம் ஆண்டு ஜூன் திங்கள் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 3,300 தொழிலாளருக்காக 552 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்டது. இழப்பீட்டோடு, வேறு வேலைக்குப் பயிற்சி அளிக்கும் இடைமாற்று நிறுவனமும் அமைக்கப்பட்டது. பண்டகசாலை மட்டும் நீடிக்கும் எனவும், அங்கே ஏறத்தாழ 700 பேருக்கு வேலை இருக்கும் எனவும் முடிவாயிற்று. ஆண்டுதோறும் கூடிச் சேர்ந்த பணிமூப்புக்கு மதிப்பளித்த இந்த இழப்பீடு, பல நாடுகளில் இதே நிலைக்கு ஆளான தொழிலாளர் கனவிலும் காண முடியாதது. மேசையில் அமர்ந்து பேசும் உரிமை சட்டத்தால் காக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கடைசி ஸஃபீரா அவ்வாலையிலிருந்து வெளிவந்தது. 52 ஆண்டு வரலாறு அத்துடன் முடிந்தது. ஸஃபீரா ரூசல்ஸ்ஹைமுக்குச் சென்றது. 2019ஆம் ஆண்டோடு அங்கும் அதன் உற்பத்தி நின்றது. ஓப்பல் நிறுவனமே 2017ஆம் ஆண்டில் பிரான்சின் பெஜோ குழுமத்திற்கு விற்கப்பட்டது. நிலம் நகராட்சியின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, அஞ்சல் பொதிகளைப் பிரிக்கும் பெரிய நிலையத்திற்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் இடமளித்தது. கரி போய்க் கார் வந்தது போல, கார் போய்ப் பொதியும் கணினியும் வந்தன. ஆனால் ஐம்பது வயதில் வேலை இழந்த பொருத்துநர் ஆய்வுக்கூடத்தில் வேலை பெறுவது எளிதன்று.

இரு முடிவுகள்

இதே ரூர் வட்டாரத்தில் நிலக்கரித் தொழில் முடிவுற்ற விதத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால் உண்மை தெளிவாகும். 2007ஆம் ஆண்டில் நடுவண் அரசு, மாநில அரசுகள், சுரங்க நிறுவனம், சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஆகிய அனைத்தும் ஒரே மேசையில் அமர்ந்தன. மானியத்தில் இயங்கும் சுரங்கங்களை 2018க்குள் மூடுவதென்றும், ஒருவரையும் வலிந்து நீக்குவதில்லை என்றும் முடிவு செய்தன. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் போட்ராப் நகரின் சுரங்கம் மூடப்பட்டபோது அவ்வாக்கு நிறைவேறியிருந்தது. அதற்காக அரசு பெருந்தொகை செலவிட்டது என்பதும் உண்மை.

இரண்டும் முடிவுகளே. எந்தத் தொழிலும் நிலையானதன்று என்பதை ரூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேறுபாடு, முடிவு எவ்வாறு பேசப்பட்டது என்பதில் உள்ளது. சுரங்கத் தொழிலாளர் எல்லாச் சுரங்கங்களுக்கும் சேர்த்து ஒருமுறை பேசினர். முடிவு நாள் பதினொன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பவும், முதியோர் ஓய்வு பெறவும் காலம் இருந்தது. கார்த் தொழிலாளரோ ஆலை ஆலையாக, தவணை தவணையாகப் பேச நேர்ந்தது. ஒவ்வொரு தவணையிலும் நம்பிக்கை அளிக்கப்பட்டது. நம்பிக்கைக்கு விலையும் பெறப்பட்டது.

போஹும் ஆலையின் வரலாறு, பேச்சுவார்த்தை பயனற்றது என்று கூறவில்லை. பேசியதனால்தான் பத்தாண்டு வாழ்வும் இறுதியில் உரிய இழப்பீடும் கிடைத்தன. ஆனால் ஒப்பந்தத்தை வாசிப்போர் அதில் எழுதப்பட்ட வாக்குறுதியோடு அதன் ஈற்றில் உள்ள ஆண்டையும், கையொப்பமிட்டோர் பெயர்களோடு மேசைக்கு வராதோர் பெயர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 2004இல் வாயிலில் நின்றபோது ஆலைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்ததே போஹும் தொழிலாளரின் வலிமையாக இருந்தது. ஆலைகள் தனித்தனியே கையொப்பமிடத் தொடங்கிய நாளில் அவ்வலிமை கரைந்தது. 76.1 விழுக்காட்டினர் மறுத்தபோது அவர்கள் தனித்து நின்றனர். அவர்களுடைய கணக்கில் பிழை இருந்ததாகக் கூற முடியாது. அக்கணக்கைப் போடும் நிலைக்கு அவர்கள் தனியே விடப்பட்டதுதான் பிழை.

தொழிலாளர் ஒற்றுமை என்பது மேடைகளில் முழங்கப்படும் சொல்லாக மட்டும் நின்றுவிடும்போது அதன் பொருள் மங்குகிறது. பெல்ஜியத்திலோ பிரிட்டனிலோ உள்ள ஓர் ஆலையில் இடப்படும் கையொப்பம் போஹும் நகரின் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடும் என்பதை அறிந்து, அனைவரும் சேர்ந்து ஒரே மேசையில் அமர்வதே அச்சொல்லின் நடைமுறைப் பொருளாகும். போஹும் விட்டுச்சென்ற பாடம் இதுவே.